அவருக்கு லீவு கிடைக்கவில்லை

சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பண்டிகை கிடையாது. வாசலில் கலர் கோலம் போடக் கூடாது, பரணிலிருந்து பொங்கல் பானையை இறக்கக் கூடாது, புதுத்துணி எடுக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் ஆடியில் போனார். தையில் பொங்கல். தெருவே பொங்கல் வைக்கும்போது அம்மா மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருப்பாளே என்று என் பிள்ளைகள் இரண்டும் பயந்துவிட்டன. பெங்களூரில் இருக்கிற மகளும் சென்னையில் இருக்கிற மகனும் போனிலேயே பேசி முடிவெடுத்தார்கள். பொங்கலோடு சனியும் ஞாயிறும் சேர்ந்து வருகிறது, ஜவ்வாது மலையில் ஒரு காட்டேஜ் இருக்கிறது, அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று. என்னிடம் கடைசியாகத்தான் சொன்னார்கள். ஊருக்குப் போகிற பைக்கு ஊர் பெயரைச் சொல்வார்களா என்ன.

நாத்தனாருக்கு விஷயம் தெரிந்ததும் நேரிலேயே வந்துவிட்டார். வருஷம் திரும்பாமல் மலை ஏறக் கூடாது என்பது அவர் கட்சி. சாமி இருக்கிற மலைக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு என்றேன். எந்த மலையில்தான் சாமி இல்லை என்றார். அதற்கு என் மகன், "நாங்க ஏறலை அத்தை, கார்தான் ஏறுது" என்றான். நாத்தனாருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நாத்தனார்மேல் எனக்கு ஏற்கெனவே ஒரு கோபம் இருந்தது. கார்த்திகையில் சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தம். மகள் வற்புறுத்தியதால் போனேன். குங்குமத் தட்டு ஒவ்வொருத்தியாக வந்து, என் பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்து, என்னைத் தாண்டி, அந்தப் பக்கம் இருந்தவளிடம் போனது. தட்டைப் பிடித்திருந்தது நாத்தனார் கை. என் வீட்டில் எத்தனையோ வருஷம் சாப்பிட்ட கை. அவர் ஒன்றும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, வழக்கம் அது, எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கோபத்தை ஊறுகாய் மாதிரி பத்திரமாக வைத்திருந்தேன். தினமும் கொஞ்சம் தொட்டுக்கொண்டால்தான் சோறு இறங்கியது.

போகியன்று காலையில் வேலூரிலிருந்து கிளம்பினோம். தெருவெல்லாம் டயர் எரித்த புகை. மகன் வண்டியை ஓட்டினான். நான் வழக்கம்போலப் பின்னால் ஏறினேன், மகளும் என்னோடு பின்னால் ஏறிக்கொண்டாள். மூன்று பேர் போகிற காரில் முன் சீட்டில் ஒரு பை உட்கார்ந்திருந்தது. யாராவது அங்கே உட்கார வேண்டும் என்று மூன்று பேருக்கும் தோன்றியது, யாரும் உட்காரவில்லை. கணியம்பாடியில் டீ குடிக்க நிறுத்தினோம். திரும்ப ஏறும்போதும் பை அப்படியேதான் இருந்தது.

அமிர்தியைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் பனி இறங்கியது. ஜன்னலை ஏற்றிவிட்டோம். வளைவுகள் ஆரம்பித்ததும் மகளுக்குக் குமட்டல். எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே என் தோளில் சாய்ந்துவிட்டாள். வெளியே ஒன்றும் பார்க்கும்படி இல்லை. மரம், அதற்குப் பின்னால் வெள்ளையாகப் பனி, மறுபடி மரம். வேலூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற மலை இது. கல்யாணம் ஆன புதிதில், ஜவ்வாது மலைக்கு ஒருதரம் போய்வரலாம் என்று அவர் சொன்னார். அப்புறம் ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் அதை ஞாபகப்படுத்தியதுதான் மிச்சம்.

அவர் வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனியில் கணக்குப் பார்த்தார். காட்பாடியில் ரயிலேறிப் போய் ரயிலில் திரும்புவார். சட்டையை எத்தனை தோய்த்தாலும் தோல் வாசனை போகாது. முதலாளி பாய் தங்கமான மனுஷன், கேட்டால் லீவு கொடுத்திருப்பார். இவர்தான் கேட்கமாட்டார். கேட்காமலேயே, "லீவு கிடைக்கல" என்று என்னிடம் வந்து சொல்வார். சொந்தக்காரர் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, துக்கம் எல்லாவற்றுக்கும் நான்தான் தனியாகப் போய் நிற்பேன். இன்னா, தனியா வந்தியா, வூட்டுக்காரர் எங்கே என்பார்கள். அவருக்கு லீவு கிடைக்கல என்பேன். அதைச் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்துவிட்டது. பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போது, நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே அதைச் சொல்லிவிட்டு ஓடுவார்கள்.

காட்டேஜ் ஜமுனாமரத்தூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருந்தது. யாரோ சென்னைக்காரர் கட்டிப்போட்டது. பெரிய ஒரே அறை, ஓட்டுக் கூரை, நாலு கட்டில், முன்னால் அறுத்து முடித்த சாமைக் கொல்லை, அதன் ஓரத்தில் புளியமரங்கள். பார்த்துக்கொள்வதற்கு மலைக்காரக் குடும்பம் ஒன்று, புருஷனும் பெண்சாதியும். அவர்கள் வீடு இதற்குக் கீழேயே இருந்தது. அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயசு இருக்கலாம். வெல்லம் போட்ட காப்பி கொண்டுவந்து வைத்தாள். குளிருக்கு நான் ஸ்வெட்டர் போட்டு, அதற்குமேல் சால்வையைக் கழுத்துவரை சுற்றியிருந்தேன். நெற்றியில் மகள் வற்புறுத்தி ஒட்டவைத்த சின்னக் கறுப்புப் பொட்டு. என்னைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்க முடியாது. அவள் எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள், நாலாவது கட்டிலைப் பார்த்தாள்.

"ஐயா வரலீங்களா?"

"அவருக்கு லீவு கிடைக்கல" என்றேன்.

சத்தியமாக நான் யோசித்துச் சொல்லவில்லை. முப்பது வருஷப் பழக்கம், கேட்டவுடன் வந்துவிட்டது. அப்போதே திருத்தியிருக்கலாம். பண்டிகைக்குக் கூடவா லீவு கொடுக்கமாட்டார்கள் என்று அவள் ஆதங்கப்பட்டாள். எனக்காக ஒருத்தி அப்படி ஆதங்கப்பட்டு எத்தனை நாளாயிற்று. "நாளைக்கு வந்துடுவார், பஸ்ல" என்றேன். முதல் பேச்சு பழக்கத்தில் வந்தது, இரண்டாவது என் சொந்தச் சரக்கு.

அவள் போனதும் மகள் என்னைப் பார்த்தாள். ஏம்மா என்று கேட்டாள். விடு, நாளை மறுநாள் கிளம்பிவிடப் போகிறோம், அவளுக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்றேன். மகன் போய்க் காரிலிருந்து பைகளை இறக்கினான்.

பொழுது சாய்ந்ததும் அவள் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். அப்போதுதான் அது ஆரம்பித்தது. ஆரம்பித்தது என் மகள்தான். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அப்பா இதைச் சாப்பிடமாட்டாரு. இன்னாடி இது, கோழிக்குப் போடறதான்னு கேப்பாரு" என்றாள். கேட்பாரு என்றாள், கேட்டிருப்பாரு என்று சொல்லவில்லை. அப்புறம் மகன், அந்த மூலைக் கட்டில் ஆடுகிறது, வந்தால் அதில் படுக்கமாட்டார், காலுக்கு அட்டை மடித்து வைக்கச் சொல்வார் என்றான். எனக்கு வாய் சும்மா இருக்குமா. வந்ததும் வராததுமாகக் கரண்ட் எத்தனை மணிக்குப் போகும் என்று விசாரிப்பார், குளிர் காலத்திலும் ஃபேன் கேட்பார் என்றேன். மூன்று பேரும் சிரித்தோம். ஆடியிலிருந்து எங்கள் வீட்டில், அதாவது எங்கள் மூன்று பேருக்கும் நடுவில், அவரைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒருத்தர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவோம். அன்றைக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. அவருக்கு லீவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான், நாளைக்கு வந்துவிடுவார். அந்த நினைப்பு வெந்நீரில் கால் வைத்த மாதிரி இருந்தது.

பாத்திரம் எடுத்துப்போக அவள் புருஷன் வந்தார். அதிகம் பேசாத ஆள். தலையையும் காதையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தார். ஐயா எந்தப் பஸ்ஸில் வருகிறார் என்று கேட்டார். வேலூர் பஸ் என்றேன். ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டார். மகன் தலையைக் குனிந்துகொண்டான். நான் சொன்னேன். ஒல்லி, மாநிறம், கண்ணாடி போட்டிருப்பார். என்னைவிட இரண்டு விரல் குட்டை, அதனால் என் பக்கத்தில் நிற்கமாட்டார், எப்போதும் நாலடி முன்னால் நடப்பார். நடக்கும்போது இடது கால் கொஞ்சம் இழுக்கும். பஸ்ஸிலிருந்து கடைசியாகத்தான் இறங்குவார், எல்லாரும் இறங்கட்டும் என்று படியோரம் நிற்பார். சொல்லச் சொல்ல இன்னும் வந்தது. அவரை அடையாளம் சொல்லும்படி அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. அந்த ஆள் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனார். ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு நான் மாத்திரை போடாமல் தூங்கினேன்.

பொங்கலன்று காலையில் எழுந்தபோது மலை முழுக்கப் பனி. கீழே அவள் வீட்டு முன்னால் புகை தெரிந்தது. பிள்ளைகள் இன்னும் போர்வைக்குள். நான் சால்வையைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனேன். வாசலைச் சாணி போட்டு மெழுகி, மூன்று கல் கூட்டி, புதுப் பானைக்கு மஞ்சள் கொத்து கட்டித் தயாராக வைத்திருந்தாள். விறகு எரிந்து தணலாகிக்கொண்டிருந்தது. பானை மட்டும் அடுப்பில் ஏறாமல் பக்கத்தில் இருந்தது. பானைக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் மஞ்சளும் குங்குமமும் பூவும். அந்தத் தட்டைப் பார்த்ததும் என் கால் தானாகவே நின்றது.

ஏன் இன்னும் பானை வைக்கவில்லை என்று கேட்டேன்.

"அவரு வண்டி எடுத்துக்கினு விடிகாலையிலயே போய்க்கிறாருங்க, உங்க வூட்டுக்காரரக் கூட்டினு வர. பண்டிகை நாள்ல பஸ் எப்ப வரும்னு சொல்ல முடியாதுங்களே. ஐயா வந்துட்டாருன்னா எல்லாரும் ஒண்ணா பொங்க வச்சிறலாம்."

இந்தப் பனியில், ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டில், காதில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு மனுஷன் என் புருஷனுக்காக நிற்கிறான். இறங்குகிற ஒவ்வொரு ஆளின் காலையும் பார்த்துக்கொண்டு நிற்கிறான். போன் போட்டுத் திரும்ப வரச் சொல்லலாம் என்றால் இங்கே டவர் கிடையாது. இவளோ நல்ல நாளும் அதுவுமாக அடுப்பைத் தணலாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றும் தோன்றியது. மறுபடியும் லீவு கிடைத்திருக்காது என்று சொல்லிவிடலாம். அதைச் சொன்னால் இன்னும் ஒரு நாள் அவர் எங்களோடு இருப்பார். நேற்று மாதிரி இன்றைக்கும் சாப்பிடலாம், சிரிக்கலாம். எனக்கு அது வேண்டும்போல இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவும் வேண்டும்போல இருந்தது. ஆனால் சாயங்காலமும் அந்த மனுஷன் போய் நிற்பார்.

"நீ பானையை வைம்மா. அவர் வரமாட்டார்" என்றேன்.

"வருவாருங்க. இன்னொரு வண்டி கீது."

"ஆடி மாசம் செத்துப்போய்ட்டாரு."

அந்த வார்த்தையை நான் அதுவரை சொன்னதில்லை. சொல்ல வேண்டி வரவேயில்லை. அவர் போன அன்றைக்கு மகன்தான் எல்லாருக்கும் போன் போட்டான். போஸ்டரில் வேறு என்னமோ வார்த்தை போட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் தெரிந்துகொண்டே வந்தார்கள். பாங்கில், ரேஷன் கடையில் மகளோ மகனோ முன்னால் நின்று பேசினார்கள். அத்தனை மாதமும் நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். என் வாயால் சொல்லிக் கேட்டபோது அது யாரோ வேறு ஒருத்தருடைய புருஷனைப் பற்றிய சேதி மாதிரி இருந்தது.

அவள் கையில் இருந்த சுள்ளியைக் கீழே போட்டாள். எப்படி ஆச்சு என்று கேட்டாள். ஊரில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை, எல்லாருக்கும் தெரியும். சொன்னேன். வேலைக்குக் கிளம்ப ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தார், ஒரு பக்கக் கன்னம் முடிந்திருந்தது, ரயிலுக்கு நேரமாகிறது என்று நான் அடுப்படியிலிருந்து கத்தினேன், பதில் வரவில்லை. வழக்கமாகவே பதில் சொல்லமாட்டார், அதனால் நான் தோசையைத் திருப்பிப் போட்டேன். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

எனக்குத் தட்டு ஞாபகம் வந்தது. இப்போது அதை எடுத்து அந்தப் பக்கம் வைப்பாள், நான் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். நானே பின்னால் நகர்ந்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் நான் நினைத்த கோபம் இல்லை.

"இத நேத்தே சொல்லியிருந்தா அந்த மனுசன் குளிர்ல போய் நின்னுக்கினு இருப்பாரா?" என்றாள். அப்புறம் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள், "எனக்கும் மொதல்ல கட்டினவரு போய்ட்டாருங்க. மரத்துல இருந்து வுழுந்து. இவரு அப்பறம் கட்டினவரு. இன்னா பண்றது. கையக் கழுவினு வாங்க, அரிசி போடணும்."

பானையை ஏற்றினாள். நான் போய்ப் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டி வந்தேன். சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். இரண்டு பேரும் ஏன் என்று கேட்கவில்லை. தண்ணீர் கொதித்ததும் அவள் முதலில் என்னிடம்தான் அரிசியை நீட்டினாள். வேண்டுமென்றே நீட்டினாளா, பக்கத்தில் நின்றதால் நீட்டினாளா, தெரியாது. ஒரு பிடி எடுத்துப் போட்டேன். மகள் போட்டாள், மகன் போட்டான். பானை பொங்கியபோது அவள் மட்டும் பொங்கலோ பொங்கல் என்று சொன்னாள், கூவாமல், பக்கத்தில் இருக்கிற ஆளிடம் சொல்வதுபோல. தட்டு அங்கேயேதான் இருந்தது. அவள் குங்குமத்தைத் தொட்டுப் பானைக்கு வைத்தாள், தனக்கு வைத்துக்கொண்டாள், தட்டை எங்களுக்கு நடுவில் வைத்துவிட்டு வெல்லம் தட்டப் போய்விட்டாள். வேண்டும் என்றால் எடுத்துக்கொள் என்பதுபோல. நான் எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் எனக்குப் புரிந்தது. இத்தனை மாதமும் நாத்தனார் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். தட்டு என்னைத் தாண்டிப் போனதால்தான் இப்படி வலிக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். இங்கே யாரும் என்னைத் தாண்டவில்லை. அரிசி போடச் சொன்னார்கள், பக்கத்தில் உட்காரச் சொன்னார்கள். ஆனாலும் அவர் இல்லை. திட்டுவதற்கு யாரும் இல்லாத இடத்தில் அது இன்னும் மோசமாக இருந்தது. பொங்கலை இலையில் வைத்துக் கொடுத்தாள், தொண்டையில் இறங்கவில்லை. அழுகை வந்தது, புகை என்று சொல்லிக்கொள்ளக்கூட இல்லை, அப்படியே அழுதேன். மகள் என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். மகன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான்.

வெயில் கொஞ்சம் ஏறிய பிறகு வண்டிச் சத்தம் கேட்டது. அவள் புருஷன் வந்தார். காதுத் துண்டெல்லாம் பனியில் நனைந்திருந்தது. வண்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக, ஐயா இறங்கவில்லை, ரெண்டு பஸ்ஸும் பார்த்துவிட்டேன், கண்டக்டரையும் கேட்டேன், சாயங்காலம் ஒரு வண்டி இருக்கிறது, அதற்கும் போய்ப் பார்க்கிறேன் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். புளியமரத்தடியில் அவர் கேட்டுக்கொண்டு நின்றது தெரிந்தது. நடுவில் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். என்ன சொல்லப்போகிறாரோ என்று இருந்தது.

திரும்பி வந்தவர் திட்டவில்லை. எங்களுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துண்டை அவிழ்த்துப் பிழிந்தார். தப்பு செய்துவிட்டவர் மாதிரி அவர்தான் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"ரெண்டாவது பஸ்ஸுல ஒருத்தரு கடைசியா எறங்கினாருங்க. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கினு. காலு கூடக் கொஞ்சம் இழுத்தாப்புல இருந்துச்சு. நான் போய், வேலூர் ஐயாங்களான்னு கேட்டேன். இல்லன்னுட்டாருங்க."

அடுப்பில் விறகு வெடித்தது. மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு எல்லாம் தெரியும். ஷேவ் பாதியில் நின்ற கன்னத்தைத் துடைத்துவிட்டவள் நான்தான். கொஞ்சம் முன்னால் என் வாயாலேயே சொல்லியும் ஆயிற்று.

"அந்த ஆளு எந்தப் பக்கம் போனாரு?" என்று கேட்டேன்.

அவர் தன் பெண்சாதியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சந்தைப் பக்கம் போனாருங்க" என்றார்.